டிகிரேட், டிபேஸ், டிமீன், ஹியூமிலியேட்: எல்லாவற்றுக்கும் "இழிவுபடுத்துதல்" போதுமா?

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

ஒசூர் ரோடு பக்கம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு நடத்தை விதிகள் தமிழில் போகணும். ஆங்கில மூலத்தில் ஒரே வாக்கியத்துக்குள் டிகிரேடிங், டிமீனிங், டெரொகேட்டரி, ஹியூமிலியேட்டிங் என்று நாலும் வரிசையா நிக்குது. அடுத்த பத்தியில் கரப்ட், விஷியேட். கையில் இருக்கிற தமிழ் வரைவில் "இழிவான, இழிவுபடுத்தும், இழிவுக்குரிய, அவமானகரமான நடத்தை" என்று போட்டிருக்கு. கன்னட அறிவிப்புப் பலகையில் "அவமானகர வர்த்தனெ" என்று ஒரே சொல்லில் முடிச்சுட்டாங்க.

இந்த நாலு சொல்லும் உண்மையில் வேறு வேறா, இல்ல வக்கீல் ஆங்கிலத்தின் அடுக்குப் பழக்கமா? வேறுன்னா தமிழில் எப்படிப் பிரிக்கலாம்? படிக்கிறவங்க டெய்லரும் ஹெல்பரும். எது செஞ்சா தப்புன்னு அவங்களுக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரே மாதிரி புரியணும்.

---

பிழைதிருத்தி எழுதியது:

வேறு வேறுதான். எது கீழே போகிறது, யார் கண்ணில் போகிறது என்று இரண்டு கேள்வி கேட்டால் பிரிந்துவிடும்.

டிகிரேடுக்குள் இருப்பது "கிராதுஸ்" என்ற லத்தீன் சொல். படி என்று பொருள். படியிலிருந்து இறக்குவதுதான் டிகிரேட். பாதிரியாரின் பட்டத்தையும் படை அதிகாரியின் பதவியையும் பறிப்பதற்கே முதலில் வழங்கியது. 1895 ஜனவரி 5 அன்று பாரிஸ் இராணுவக் கல்லூரி முற்றத்தில் கேப்டன் ட்ரைஃபஸின் சட்டைப் பட்டன்களையும் பட்டைகளையும் பிய்த்து, வாளை முறித்துப் போட்டார்களே, அந்தச் சடங்கின் பெயரே டிகிரேடேஷன். (குற்றச்சாட்டு பொய்யென்று 1906இல் அவர் விடுவிக்கப்பட்டார்.) பதவி என்ற பொருள் பிற்பாடு விரிந்து, மனிதன் என்ற படியிலிருந்தே ஒருவரை இறக்குவது என்றானது. 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 5ஆம் பிரிவில் சித்திரவதைக்கு அடுத்து, கொடிய, மனிதத்தன்மையற்ற நடத்தைகளோடு சேர்ந்து வரும் டிகிரேடிங் இந்தப் பொருளில்தான்.

தமிழ் "இழிவு"ம் இதே வழியில் வந்ததுதான். இழிதல் என்றால் இறங்குதல். மலையிலிருந்து இழியும் அருவி என்று பழைய பாட்டுகளில் வரும். இங்கே பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர் "இளீரி, இளீரி" என்கிறாரே, அது நம் இழிதான். கன்னடத்தில் ழகரம் ளகரமாகிவிட்டது, இறங்கு என்ற பொருள் கெடாமல் நின்றுவிட்டது. நமக்குப் பொருள் மாறிப்போய் வசை மட்டும் மிஞ்சியது. குறள் 964இல் "நிலையின் இழிந்தக் கடை" என்பது நிலையிலிருந்து இறங்கிவிட்டால் என்பதே. டிகிரேடுக்கு இதைவிட நெருங்கிய சொற்றொடர் எந்த அகராதியிலும் கிடைக்காது.

டிமீன் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் இரண்டு டிமீன் உண்டு. பழையது பிரெஞ்சிலிருந்து வந்தது, நடந்துகொள்வது என்று பொருள். டிமீனர், அதாவது நடை பாவனை, அதன் பிள்ளை. இழிவோடு அதற்கு ஒட்டுமில்லை. மற்றது மீன் (mean) என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து, டிபேஸைப் பார்த்து ஒட்டப்பட்டது. மீன் என்றால் முதலில் எல்லாருக்கும் பொதுவானது. பொதுவானது சாதாரணமானதாகி, சாதாரணமானது மட்டமானதாயிற்று. நம் "மட்டம்" பட்ட பாடும் இதேதான்: அளவு, சமதளம் என்றிருந்தது இன்று "மட்டமான சரக்கு". ஆகவே டிமீனுக்கு மட்டம்தட்டுதல். ஒருவரின் வேலையை, திறமையை, சொல்லைச் சின்னதாக்கிக் காட்டுவது. டிகிரேட் அளவுக்கு ஆழமில்லை, ஆனால் தினமும் நடப்பது.

ஹியூமிலியேட் "ஹூமுஸ்", அதாவது மண், என்பதிலிருந்து. மண்ணைக் கவ்வ வைப்பது. பார்ப்பவர் இருந்தால்தான் பெரும்பாலும் இது முழுமையாகும். அவமானப்படுத்துதல் என்பதே சரி. இதே வேரிலிருந்து பணிவைக் குறிக்கும் ஹம்பிளும் வந்தது. தானாகக் குனிந்தால் பணிவு, பிறர் குனிய வைத்தால் அவமானம். தமிழ் இந்த இடத்தில் தன்வினை, பிறவினையாகவே பிரித்து வைத்திருக்கிறது: தாழ்தல், தாழ்த்துதல்.

அபேய்ஸ் என்பது தன்னையே தாழ்த்திக்கொள்வதற்கு அதிகம் வழங்கும். விதிமுறை ஆவணங்களில் வராது, விட்டுவிடலாம்.

---

நாணயப்பெட்டி எழுதியது:

டிபேஸ் விட்டுப்போச்சு, அது என் ஏரியா.

டிபேஸ் மனுஷனைப் பற்றியதாகத் தோன்றினாலும், அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தது உலோகம். தங்கம், வெள்ளி உயர்ந்தவை, செம்பு, ஈயம் பேஸ், அதாவது மட்டம். வெள்ளியில் செம்பைக் கலந்து, முகத்தில் அதே மதிப்பை அடிச்சு விடுறதுதான் டிபேஸ். பெரிய உதாரணம் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி. 1544இலிருந்து 1551 வரை நடந்ததற்கு மகா டிபேஸ்மென்ட் என்றே வரலாற்றில் பெயர். 92.5 சதவீதம் வெள்ளியா இருந்த நாணயம் படிப்படியா இறங்கி, அவர் மகன் காலத்தில் 25 சதவீதத்துக்கு வந்துது. செம்பு மேல மெல்லிசா வெள்ளி. நேர்முகமா பார்க்கிற ராஜாவின் உருவத்தில் முதலில் தேயுறது மூக்கு, அங்கே செம்பு சிவப்பா தெரியும். அதனால அவருக்கு "செம்பு மூக்கன்" என்று பட்டப்பெயர். 1560-61இல் எலிசபெத் எல்லாத்தையும் திரும்ப வாங்கி உருக்கி மறுபடி அடிச்சாங்க.

இதுக்குத் தமிழில் அச்சு அசலா ஒரு சொல் இருக்கு: மாற்று குறைத்தல். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை அளவு. "பாராளுமன்ற விவாதத்தின் மாற்று குறைந்துவிட்டது" என்று எழுதிப் பாருங்க, டிபேஸின் முழுப் பொருளும் வரும்: வெளித்தோற்றம் அப்படியே, உள்ளே சரக்கு இல்லை. இழிவுபடுத்துதல் என்று போட்டா அந்த ஏமாற்று போயிடும்.

பக்கத்துச் சொற்கள் ரெண்டையும் இதோடு குழப்பாதீங்க. டிவேல்யூ என்பது அரசு ஒரு நாளில் அறிவிச்சு இறக்குவது: 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாயா இருந்ததை 7.50 ஆக்கினாங்க. மதிப்பிறக்கம். டிப்ரிஷியேட் என்பது சந்தையில் தானா இறங்குறது, மதிப்பிறங்கல். அதே சொல் கணக்குப் புத்தகத்துக்குள்ள வந்தா தேய்மானம். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு 40 சதவீதம் என்றால் 50,000 ரூபாய் கணினி முதல் வருஷ முடிவில் 30,000, அடுத்த வருஷ முடிவில் 18,000. இங்கே யாரும் யாரையும் தாழ்த்தலை, பொருள் தேயுது, அவ்வளவுதான்.

---

ஒயிட்ஃபீல்ட்_நிரலி எழுதியது:

மென்பொருள் இடைமுகத்தைத் தமிழாக்குறவங்களுக்கு இந்தக் குடும்பம்தான் பெரிய தலைவலி. பிழைதிருத்தி அண்ணா சொன்ன தன்வினை பிறவினை விஷயம் இங்கேதான் கடிக்குது.

ஆங்கிலத்தில் டிகிரேட் ரெண்டு பக்கமும் ஓடும். யாரோ இறக்கினாலும் டிகிரேட், தானா இறங்கினாலும் டிகிரேட். தமிழில் ஒன்றைத் தேர்ந்தே ஆகணும். "சேவை தரமிறக்கப்பட்டுள்ளது" என்று திரையில் வந்தால் படிக்கிறவர் நிறுவனம் வேணும்னே குறைச்சிருக்குன்னு நினைப்பார். சர்வர் திணறுது என்பதே செய்தி. "சேவை வேகம் குறைந்துள்ளது" என்று எழுதணும். தரவைச் சேமிக்கிற பல வட்டுகள் சேர்ந்த தொகுதியில் ஒரு வட்டு போய், மிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நிலைக்கும் டிகிரேடட் என்றுதான் பெயர். தரவு இன்னும் பத்திரமா இருக்கு, ஆனா சில அமைப்புகளில் இன்னொரு வட்டு போனா எல்லாம் போச்சு. "பழுதடைந்தது" என்று போட்டா ஆள் பயந்து அணைச்சுடுவார், "தரம் குறைந்தது" என்றா அசட்டையா விட்டுடுவார். "ஒரு வட்டு பழுது, பாதுகாப்புக் குறைவான நிலையில் இயங்குகிறது, வட்டை உடனே மாற்றவும்" என்று விரிச்சே எழுதணும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடினா இங்கே ஆபத்து.

டவுன்கிரேட் என்றால் பழைய பதிப்புக்குத் திரும்புதல். அதில் இழிவு எதுவும் இல்லை.

டெப்ரிகேட் வேற. டிப்ரிஷியேட்டோடு குழப்புறாங்க. டிப்ரிஷியேட்டுக்குள் இருப்பது விலை, டெப்ரிகேட்டுக்குள் இருப்பது வேண்டுதல்: ஏதோ தீங்கு வராமல் இருக்க வேண்டிக்கொள்வது. நிரல்களில் அது "இன்னும் வேலை செய்யும், ஆனால் புதுசா பயன்படுத்தாதீங்க, அடுத்த பதிப்பில் எடுத்துடுவோம்" என்ற அறிவிப்பு. "நீக்கப்பட்டது" என்று மொழிபெயர்த்தா பொய். "கைவிடப்பட உள்ளது" சரி.

கரப்ட் ஃபைலை இயந்திர மொழிபெயர்ப்பு "ஊழல் கோப்பு" ஆக்கிடும். சிதைந்த கோப்பு என்று எழுதுங்க. மக்குற குப்பை விஷயமும் இந்தக் குடும்பம்தான்: பயோடிகிரேடபிள் என்பதுக்கு "உயிரியல் முறையில் தரமிழக்கக்கூடிய" என்று நீட்டி முழக்கினா பச்சைக் கூடையில் போடுறவங்களுக்கு என்ன புரியும்? மட்கும். நாலு எழுத்துக்கு மேல தேவையில்லை.

---

பிழைதிருத்தி:

ஊழல் பற்றி ஒரு வரி. பழைய தமிழில் ஊழல் என்றால் அழுகல், பதனழிதல். பணம் வாங்குவது பின்னால் வந்த பொருள். கரப்ட்டின் லத்தீன் வேர் உடைதல். அவர்களுக்கு உடைந்தது, நமக்கு அழுகியது. ஆகவே கோப்புக்கு சிதைவு, உணவுக்குக் கெடுதல், மனிதருக்கு நெறிகெடுதல், அலுவலகத்துக்கு ஊழல் என்று இடம் பார்த்துப் பிரியும்.

---

சட்டத்தமிழ் எழுதியது:

ஏரிக்கரையாரின் பட்டியலில் சட்டத்தில் தனிப் பொருள் உள்ளவற்றை மட்டும் சொல்கிறேன். இவற்றில் கைவைத்தால் ஆவணமே வலுவிழக்கும்.

முதலில் ஹியூமிலியேட்டிங். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பிரிவு 3(2) ஐந்து சூழல்களை அடுக்குகிறது. ஐந்தாவது: பெண்ணின் உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கக்கூடிய ஹியூமிலியேட்டிங் நடத்தை. மேற்கண்ட நாலு சொற்களில் அந்தப் பட்டியலில் இருப்பது இது ஒன்றுதான். எனவே இதற்கு "அவமானப்படுத்தும்" என்று ஒரே சொல்லை நிர்ணயித்து, ஆவணம் முழுக்க மாற்றாமல் வைக்க வேண்டும். ஓரிடத்தில் அவமானம், இன்னோரிடத்தில் இழிவு என்று வந்தால் புகார் விசாரணையில் "இது அதுவல்ல" என்று வாதிட இடம் கிடைக்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம், புகார் கொடுக்க 3 மாதம், குழு காரணம் பதிந்து இன்னும் 3 மாதம் நீட்டலாம். இவையும் பலகையில் இருக்கட்டும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பிரிவு 3(1)(ஆர்): அவமானப்படுத்தும் நோக்கத்தோடு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில், வேண்டுமென்றே இகழ்வதோ மிரட்டுவதோ. பிழைதிருத்தி சொன்ன "பார்ப்பவர் இருக்க வேண்டும்" என்பது இங்கே சட்டக் கூறாகவே வருகிறது. பொது இடம் வேறு, பொதுப் பார்வை வேறு என்று உச்ச நீதிமன்றம் 2008இல் விளக்கியது. தனியாருக்குச் சொந்தமான இடமானாலும் வெளியார் பார்க்கும்படி இருந்தால் போதும். ஆகவே இதை "பொது இடத்தில்" என்று மொழிபெயர்ப்பது பிழை. பலமுறை கண்ணில் படும் பிழை இது, தயவுசெய்து கவனியுங்கள்.

டெரொகேட்டரி: ரோமானியச் சட்டச் சொல். ஒரு சட்டத்தை முழுதாக நீக்கினால் அப்ரொகேட், ஒரு பகுதியை மட்டும் கழித்தால் டெரொகேட். ஒருவரின் மதிப்பிலிருந்து ஒரு பங்கைக் கழிப்பது என்பது அங்கிருந்து வந்தது. 1976இல் 42ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 51ஏ(இ), பெண்களின் மாண்புக்கு டெரொகேட்டரியான பழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் கடமை என்கிறது. அங்கே "மாண்பைக் குறைக்கும்". பேச்சைப் பற்றி வந்தால் "தரக்குறைவான பேச்சு".

விஷியேட்: இதை "செல்லாததாக்கும்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 19இன்படி வற்புறுத்தலாலோ ஏமாற்றாலோ பெற்ற சம்மதம் ஒப்பந்தத்தை உடனே செல்லாததாக்காது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம், விரும்பாவிட்டால் அது நிற்கும். விஷியேட்டின் வேர் குறை, பழுது. "சம்மதத்தைப் பழுதாக்கும்" என்றால் துல்லியம்.

டிப்ரேவ், கரப்ட் இரண்டும் ஜோடியாக வந்தால் அது ஆபாசச் சட்டம். 1868இல் இங்கிலாந்தில் வந்த ஹிக்லின் தீர்ப்பிலிருந்து பிறந்த தொடர், இந்திய தண்டனைச் சட்டம் 292இல் இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 294இல். 1964இல் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் மேலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஹிக்லின் அளவுகோலைப் பின்பற்றியது, 2014இல் கைவிட்டது. ஆனால் சொல் சட்டத்தில் நிற்கிறது. டிப்ரேவின் வேருக்குக் கோணல் என்று பொருள், எனவே "நெறி பிறழச் செய்து கெடுத்தல்". உங்கள் ஆவணத்துக்கு இது தேவைப்படாது.

---

பீன்யா_தையல் எழுதியது:

எல்லாம் சரிங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், இதுதான் முக்கியம்னு நினைக்கிறேன்.

"இழிவு"ங்கிற சொல்லை மனுஷங்க பற்றின ஆவணத்தில் போடவே கூடாது. அகராதியில் இறங்குதல்னு இருக்கலாம். ஊர்ல அது இறங்கினவங்க மேல ஒட்டிக்குது, இறக்கினவன் மேல ஒட்டுறதில்லை. இழிகுலம், இழிதொழில்னு எத்தனை தலைமுறையா யாரைப் பார்த்துச் சொன்னாங்க? டிகிரேடிங் வொர்க் என்பதை "இழிவான வேலை"னு மொழிபெயர்த்துப் பலகையில் ஒட்டினா, தினம் கழிப்பறை கழுவுற அம்மா அதைப் படிச்சுட்டு என்ன நினைப்பாங்க? அவங்க செய்யுற வேலையே இழிவுன்னு கம்பெனி எழுதி ஒட்டியிருக்கு. மூலம் சொல்லுறது அது இல்லை. தண்டனையா அந்த வேலையைச் செய்யச் சொல்லுறது தப்புன்னு சொல்லுது. 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடை செஞ்ச சட்டத்தின் முகவுரை, அந்த வழக்கத்தைத்தான் மனிதத்தன்மையைப் பறிக்கிறதுன்னு சொல்லுது, அதில் இருக்கிறவங்களை இல்லை. அந்தக் கவனம் தமிழில் வரணும்னா "மாண்பைக் குலைக்கும்"னு எழுதுங்க. குலைக்கிறவன் ஒருத்தன் இருக்கான்னு அந்த வினைச்சொல்லே காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது, லைன்ல யாரும் "என்னை அவமானப்படுத்தினார்"னு பேசுறதில்லை. "அசிங்கப்படுத்திட்டாரு", "கேவலமா பேசினாரு", "மட்டமா பேசினாரு". பலகையில் அந்தச் சொல் இல்லைன்னா தன் புகார் இதுக்குள்ள வருமான்னே அவங்களுக்குத் தெரியாது.

---

பிழைதிருத்தி:

இழிவு பற்றி நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். வேரை வைத்து நான் பேசியது சரி, ஆனால் மொழிபெயர்ப்புக்கு வேர் மட்டும் போதாது.

"அசிங்கப்படுத்துதல்" பற்றித்தான் தயக்கம். அசிங்கம் என்பது அழுக்கையும் ஆபாசத்தையும் சேர்த்தே குறிக்கும். பீஸ் குறைந்ததற்காக ஒருவரை லைன் நடுவில் நிற்க வைத்ததையும், உடலைத் தொட்டதையும் ஒரே சொல்லால் சொன்னால் குழு எந்தப் பிரிவில் எடுப்பது?

---

பீன்யா_தையல்:

அதைப் பிரிக்கிறது குழுவின் வேலை. சொல்ல வைக்கிறதுதான் பலகையின் வேலை.

---

சட்டத்தமிழ்:

இரண்டுக்கும் இடம் உண்டு. விதி வாக்கியத்தில் நிலையான சொல், அதன் கீழே எடுத்துக்காட்டில் பேச்சு வழக்கு. சட்டங்களிலேயே விளக்கமும் எடுத்துக்காட்டும் தனித்தனியாக வருகின்றன. ஒன்று மட்டும்: "இவை போன்றவை, இவை மட்டுமல்ல" என்ற தொடரை எடுத்துக்காட்டுக்கு முன்னால் போடாவிட்டால், பட்டியலில் இல்லாதது தவறில்லை என்று படிப்பார்கள்.

---

அல்சூர்_ஏரிக்கரை:

எல்லாரும் சொன்னதை வச்சு இப்படி மாத்தியிருக்கேன், பாருங்க.

"பணியிடத்தில் எவரையும் பிறர் முன் அவமானப்படுத்துவது; அவருடைய வேலையையோ திறமையையோ மட்டம்தட்டுவது; சாதி, பால், மொழி, உடல் பற்றித் தரக்குறைவாகப் பேசுவது; மனித மாண்பைக் குலைக்கும் விதத்தில் நடத்துவது ஆகிய நான்கும் தவறு. அசிங்கப்படுத்துவது, கேவலமாகப் பேசுவது என்று நாம் சொல்வது இவற்றைத்தான். இவை போன்றவை, இவை மட்டுமல்ல: டார்கெட் முடியாததற்காக லைன் நடுவில் நிற்க வைப்பது, ரிஜெக்ட் ஆன பீஸை முகத்தில் எறிவது, 'உனக்கெல்லாம் ஹெல்பர் வேலையே அதிகம்' என்பது, கழிப்பறைக்குப் போக விடாமல் தடுப்பது, தண்டனையாகத் தரை கழுவச் சொல்வது."

அடுத்த பத்தியில் கரப்டுக்கு "நேர்மை கெடும்படி", விஷியேட்டுக்கு "விசாரணையைப் பழுதாக்கும்".

---

சட்டத்தமிழ்:

"பிறர் முன்" என்பதை எடுத்துவிடுங்கள். 2013 சட்டத்தின் 3(2)இல் பார்ப்பவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அது 1989 சட்டத்துக்கு மட்டும் உரியது. தனியறையில் கூப்பிட்டு நடத்துவதும் இதில் அடங்கும். உங்கள் வாக்கியத்தில் அது விடுபட்டுப் போகிறது.

---

பீன்யா_தையல்:

ஆமா, ஸ்டோர் ரூமுக்குள்ள கூப்பிட்டுப் பேசுறதுதான் அதிகம். "பிறர் முன்போ தனியாகவோ"ன்னு போடுங்க. எடுத்துட்டா யாராவது பின்னாடி திரும்பச் சேர்த்துடுவாங்க. அப்புறம் எழுத்து அளவு பெரிசா இருக்கட்டும், மெஷின்ல உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கிற மாதிரி.

---

அல்சூர்_ஏரிக்கரை:

"பிறர் முன்போ தனியாகவோ" சேர்த்தாச்சு. கன்னடப் பலகை எழுதினவருக்கும் இந்த நாலு பிரிவை அனுப்புறேன், அங்கேயும் ஒரே சொல்லில்தான் நிக்குது.